ஊசி வலிக்கும்னு சொல்லிருங்க

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

கடன் வசூல் பத்திப் பேசச் சொன்னா கடகடன்னு பேசிருவேன். இன்னிக்கு என் மகனைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க.

அவனுக்கு ஆறு வயசுல ரத்தப் புற்றுநோய்னு கண்டுபிடிச்சாங்க. பிள்ளைகளுக்கு வர்ற புற்றுநோயில் இதுதான் அதிகம். வைத்தியம் ரெண்டு மூணு வருஷம் நீளும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை நடந்தது. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் நம்ம சங்கக் கடன் கைகொடுத்தது. காசுக்கு வழி கிடைச்சது. பிள்ளையோட பயத்துக்குத்தான் வழி தெரியலை.

கம்பத்தில் மதுரை பஸ் ஏறும்போது ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவான். ஆண்டிபட்டி கணவாய் தாண்டினதும் பேச்சு நின்னுரும். உசிலம்பட்டியில் வாந்தி. மருந்து ஏத்துறதுக்கு முன்னாடியே! பஸ் ஒத்துக்கலைன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரியை நெனச்சாலே சில பிள்ளைகளுக்குக் குமட்டும்னு நர்சம்மா சொல்லித்தான் தெரிஞ்சது.

நான் செஞ்ச தப்பையும் சொல்லணும். முதல்ல "மாமா வீட்டுக்குப் போறோம்"னு கூட்டிட்டுப் போனேன். முதுகுத்தண்டுல ஊசி போட்ட அன்னிக்கு "வலிக்காதுடா"ன்னேன். வலிச்சது. அதுக்கப்புறம் நான் தண்ணி குடுத்தாக்கூட, "இதுல மருந்து கலந்திருக்கியா?"ன்னு கேட்டான். பெத்த தாயை நம்பாத பிள்ளை வேற யாரை நம்பும்?

அந்த நர்சம்மாதான் வழி சொன்னாங்க. "வலிக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும், அம்மா கையை விடமாட்டேன்னு சொல்லுங்க. எந்தக் கையில ஊசின்னு அவனையே கேளுங்க"ன்னாங்க. ஊசி வேணுமா வேணாமான்னு கேட்கக்கூடாது. அது அவன் கையில் இல்லை. மடியில உட்கார வச்சு, சோப்பு நுரை ஊதச் சொல்வோம். ஊதும்போது மூச்சு நீளும், உடம்பு இளகும். ஊசி போடுற இடத்தை மரத்துப்போக வைக்கிற களிம்பும் இருக்கு, கேட்டுப் பாருங்க. அழுகை நிக்கலை. ஆனா என்னை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அழுதான்.

ஒருநாள் ராத்திரி மெதுவாக் கேட்டான்: "பக்கத்துத் தோட்டத்துல திராட்சை பறிச்சேனே, அதுக்காம்மா சாமி இப்படிப் பண்ணுச்சு?" எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சு. சேட்டை பண்ணினா "சாமி கண்ணைக் குத்தும்"னு சொன்னது நான்தானே! "ஊசி போடச் சொல்லிருவேன்"னு மிரட்டினதும் நான்தான். சின்னப் பிள்ளைகள் நோயைத் தண்டனைன்னு நெனைக்கும். "நீ ஒண்ணும் செய்யலைப்பா, திராட்சைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை"ன்னு எத்தனை நாள் சொன்னேன்னு கணக்கில்லை.

பார்க்க வந்தவங்க அவன் தலைமாட்டுல நின்னே அழுதாங்க. பாசந்தான், குறை சொல்லலை. ஆனா பிள்ளைக்குப் புரியாதுன்னு நெனைக்காதீங்க. அமெரிக்காவில் மைரா புளூபாண்ட்-லாங்னர்னு ஒருத்தர் இந்த நோய் வந்த பிள்ளைகளோட பழகி, 1978-ல் புத்தகமே எழுதியிருக்காங்களாம். யாரும் சொல்லாமலே அந்தப் பிள்ளைகளுக்கு விஷயம் தெரிஞ்சிருந்ததாம். பெரியவங்களுக்காகத் தெரியாத மாதிரி நடிச்சதாம். டாக்டரம்மா இதைச் சொன்னப்போ என் மகன் முகந்தான் ஞாபகம் வந்துச்சு.

முடி கொட்டினப்போ அவன் அப்பாவும் மொட்டை போட்டுக்கிட்டாரு. பழனிக்குப் போனீங்களான்னு தெருவே கேட்டுச்சு. மாஸ்க்கைப் பார்த்துப் பிள்ளைகளை ஒதுக்கினவங்களும் உண்டு. இது தொத்து நோய் இல்லை; நம்ம சளி காய்ச்சல் அவனுக்குத் தொத்தக்கூடாதுன்னுதான் மாஸ்க்.

இப்ப எட்டாவது படிக்கிறான். பரிசோதனைக்குப் போயிட்டுத்தான் இருக்கோம். ரத்தம் எடுக்கும்போது இன்னும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, வாய்க்குள்ள பத்து எண்ணுவான். யார் வீட்டுலயாவது இப்படி ஒரு பிள்ளை இருந்தா, கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட வாங்க.