வினவலும் குறிப்புரையும்

வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, மின்கட்டணம் போன்ற விவரங்களைக் கணினியில் முறைப்படச் சேர்த்து வைக்கும் அமைப்பு தரவுத்தளம் எனப்படும். அதனிடமிருந்து வேண்டிய விவரத்தைக் கேட்டுப் பெற எழுதப்படும் வாசகம் வினவல் எனப்படும். 1970-இல் எட்கர் காட் வகுத்தளித்த கோட்பாட்டை அடியொற்றி, ஐ.பி.எம். நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் 1974-இல் அறிமுகப்படுத்திய மொழியே இன்று எஸ்.க்யூ.எல். என்ற பெயரில் உலகெங்கும் வழங்குகிறது. இன்னது வேண்டும் என்று கேட்டால் போதும், தேடும் வழியைத் தரவுத்தளமே தீர்மானித்துக்கொள்ளும் என்பது இம்மொழியின் பெருஞ்சிறப்பு. எனினும், அது ஏன் அவ்வாறு கேட்கப்பட்டது என்பதை வினவல் ஒருபோதும் சொல்வதில்லை. அதைச் சொல்வதற்கென்றே அமைந்தது குறிப்புரை.

வினவலின் ஒரு வரியில் இரண்டு சிறுகோடுகளை அடுத்தடுத்து இட்டால், அவ்வரியின் எஞ்சிய பகுதியைக் குறிப்புரையாகக் கொண்டு தரவுத்தளம் படிக்காமல் விட்டுவிடும். பல வரிக் குறிப்பானால், சாய்கோடும் உடுக்குறியும் இட்டுத் தொடங்கி, உடுக்குறியும் சாய்கோடும் இட்டு முடிப்பார்கள். மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளில் இரட்டைச் சிறுகோட்டுக்குப் பின் ஓர் இடைவெளியும் கட்டாயம். இல்லையேல், எதிர்ம எண்ணைக் கழிக்கும் கணக்கு குறிப்புரையாகக் கொள்ளப்பட்டுவிடக்கூடும்.

குறிப்பில் எதை எழுத வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: கட்டணம் செலுத்தாத மின் நுகர்வோரைப் பட்டியலிடும் வினவல் ஒன்றில், இணைப்பு பெற்று அறுபது நாள் நிறைவடையாதவர்களை விலக்கும் நிபந்தனை இருப்பதாகக் கொள்ளலாம். "அறுபது நாளுக்கு உட்பட்டவர்களை நீக்குகிறது" என்ற குறிப்பு, நிரலில் உள்ளதையே திரும்பச் சொல்வதால் பயனற்றது. "புதிய இணைப்புக்கு முதல் பில் வர இரண்டு மாதமாகும், ஆகவே அதற்குமுன் பாக்கி எனக் காட்டலாகாது" என்று எழுதினால், பின்னாளில் பில் மாதந்தோறும் வருமாறு விதி மாறும்போது திருத்த வேண்டிய இடம் எது என்பது புதிய நிரலாளருக்கும் உடனே விளங்கும்.

நிபந்தனையைத் திருத்திவிட்டு அதன் மேலுள்ள குறிப்பை அப்படியே விட்டுவிடுவது, குறிப்பே எழுதாததைவிடக் கேடானது. ஏனெனில் படிப்பவர் நிரலை ஆராயாமல் குறிப்பை நம்பிவிடுவார். எல்லாக் குறிப்பும் தரவுத்தளத்தால் ஒதுக்கப்படுவதும் இல்லை: ஆரக்கிள் என்னும் தரவுத்தள மென்பொருளில் தொடக்க உடுக்குறியை ஒட்டிக் கூட்டல் குறி இட்டால், அது தேடும் வழியைப் பற்றிய ஆலோசனையாகவே கொள்ளப்படும். ஆகவே வினவலைத் திருத்தும் ஒவ்வொருவரும் அதன் குறிப்புரையையும் அதே அமர்வில் படித்துத் திருத்திவிட வேண்டும்.