தேனீ கொட்டினால் எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்காது

(தேனீ வளர்க்கும் குழுக்களுக்காகக் கூட்டமைப்பு நடத்திய கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



வழக்கமா நான் மைக் பிடிச்சா சேமிப்பு, தவணை, தீர்மானப் புத்தகம்னுதான் பேசுவேன். இன்னைக்கு அது இல்லை. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர் விடப் போகுது. அந்தத் தளிர்க் காம்புல ஊறுற இனிப்பைத் தேடித்தான் நம்ம தேனீக்கள் போகும், பெட்டி நிறையும். தேன் எடுக்கிற காலம்னா கொட்டு வாங்குற காலமும் அதுதானே? அதனால கொட்டைப் பத்திப் பேச வந்திருக்கேன்.

முதல்ல ஒரு கேள்வி கேட்டேன், தேனீ கொட்டினா உங்களுக்கு என்ன ஆகும்னு. ஒரு அம்மா, "எறும்பு கடிச்ச மாதிரிதான், துடைச்சுட்டுப் போயிட்டே இருப்பேன்" என்றார். இன்னொருவர், "எனக்குக் கை பன்னு மாதிரி வீங்கிடும், ரெண்டு நாள் பாத்திரம் தேய்க்க முடியாது" என்றார். பின்னால் இருந்த தங்கச்சி, "எனக்கு முகம் மட்டும் வீங்கும், அதனால வெளியில வரவே மாட்டேன்" என்றாள். அதே ஊர், அதே பெட்டி, அதே தேனீ. ஆனா ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு பதில் சொல்லுது. இதைப் புரிஞ்சுக்கிறதுதான் இன்னைக்குப் பேச்சு.

நான் செய்த தவறு

மார்த்தாண்டம் பக்கம் தேனீப் பெட்டி புதுசு இல்லை. 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் இங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் மூலமாகத் தேனீ வளர்ப்பைப் பரப்பின காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையா நம்ம வீடுகள்ல பெட்டி இருக்கு. அதனால நம்ம எல்லார் வாயிலும் ஒரு வார்த்தை தயாரா இருக்கும்: "பழகிடும்."

நம்ம குழுவில் ஒரு அக்கா. கடன் வாங்கிப் பத்துப் பெட்டி வச்சாங்க. வீட்டுக்காரர் பல வருஷமா தேன் எடுக்கிறவர். ஒரே நாள்ல இருபது கொட்டு வாங்கினாலும் கையை உதறிட்டுச் சாயா குடிக்கப் போவார். இந்த அக்கா தேன் எடுக்கும் காலத்தில் மட்டும் கூட நின்னு உதவி செய்வாங்க. மற்ற நாள்ல எப்போதாவது ஒண்ணு ரெண்டு கொட்டும், அவ்வளவுதான். மூணாவது வருஷம் ஒரு நாள் என்கிட்ட, "மேடம், காலில்தான் கொட்டிச்சு. ஆனா வயிறு, முதுகு, தலை எல்லாம் தடிச்சு அரிக்குது" என்றார்கள்.

சமூகப்பணியில் பட்டம் வாங்கின நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழகிடும்க்கா. பயப்படாதீங்க."

பதினைந்து நாள் கழித்து மறுபடி கழுத்தில் ஒரே ஒரு கொட்டு. பத்து நிமிஷத்துக்குள்ள உதடு வீங்கி, குரல் கம்மி, வாந்தி எடுத்து, கண் இருட்டி முற்றத்திலேயே விழுந்துட்டாங்க. பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டோ கொண்டு வந்தான். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தார்கள். பிழைத்தார்கள்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். "போன தடவையே எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு மேடம். நீங்க பழகிடும்னு சொன்னீங்கல்லா. அதோட தவணை வேற நிக்குதே, பெட்டிகிட்ட போகலைன்னா குழு என்ன சொல்லும்னு பேசாம இருந்துட்டேன்" என்றார்கள். அந்த வார்த்தை எனக்குக் கொட்டின மாதிரி இருந்தது. அதற்குப் பிறகுதான் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். அதைத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

நாலு விதமான விளைவு

ஒன்று, கொட்டின இடத்தில் மட்டும் வலி, சிவப்பு, சின்ன வீக்கம். சில மணி நேரத்தில் அடங்கிவிடும். பெரும்பாலானவர்களுக்கு இதுதான்.

இரண்டு, பெரிய வீக்கம். விரலில் கொட்டினால் முழங்கை வரை வீங்கும். ஒன்றிரண்டு நாள் கூடிக்கொண்டே போய், ஒரு வாரம் பத்து நாளில் வற்றும். பயிற்சிக்குப் போனப்போ எனக்கும் இப்படித்தான் ஆச்சு, வளையலைக் கழற்ற முடியலை. பார்க்கப் பயமா இருந்தாலும், வீக்கம் கொட்டின கையோடு நிற்கும் வரை பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து இல்லை. வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினால் மட்டும் உடனே ஆஸ்பத்திரி.

மூன்று, உடம்பு முழுவதும் பரவும் ஒவ்வாமை. கொட்டின இடம் ஒன்று, தொல்லை வேறு இடத்தில். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு, கண் இமை வீக்கம், தொண்டை அடைப்பு, மூச்சு இழுப்பு, வாந்தி, தலைசுற்றல், மயக்கம். பெரும்பாலும் சில நிமிஷத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் தொடங்கும். இதற்கு ஒரே கொட்டு போதும்.

நான்கு, ஒரே நேரத்தில் ஏராளமான கொட்டு. மலைத்தேனீக் கூடு கலைந்தால் இப்படி ஆகும். இது ஒவ்வாமை இல்லை, விஷத்தின் அளவு கூடினதால் வருவது. சிறுநீரகம் கூடப் பாதிக்கலாம். ஐம்பது கொட்டுக்கு மேல் என்றால் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் அதைவிடக் குறைவாக இருந்தாலும் போக வேண்டும்.

கொட்டுகிற இடத்தைப் பொறுத்தும் வலி மாறும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தன் உடம்பிலேயே 25 இடங்களில் தேனீயைக் கொட்டவைத்து, எங்கே அதிகம் வலிக்குதுன்னு 2014-ல் எழுதினார். மூக்குத் துவாரமும் மேல் உதடும் முன் வரிசையில் வந்தன. நமக்கு அந்த ஆராய்ச்சி வேண்டாம், முகத்துக்கு வலை போட்டால் போதும்!

ஏன் இந்த வித்தியாசம்?

தேனீ விஷம் உள்ளே போனதும் உடம்பு அதற்கு எதிராகச் சில பொருள்களை உண்டாக்கும். அதில் ஒரு வகை, வந்த விஷத்தைச் சத்தமில்லாமல் பிடித்து அமுக்கிவிடும். இன்னொரு வகை, ஒரு ஆள் வந்ததுக்கு ஊரையே கூட்டி ரகளை பண்ணிவிடும். அந்த ரகளைதான் ஒவ்வாமை.

அடிக்கடி கொட்டு வாங்குகிறவர்களுக்கு முதல் வகை கூடுகிறது. ஐரோப்பாவில் தேனீ வளர்ப்பவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், வருஷத்துக்கு 200 கொட்டுக்கு மேல் வாங்குகிறவர்களிடம் உடம்பு முழுக்கப் பரவும் ஒவ்வாமை மிக அபூர்வம் என்று தெரிந்திருக்கிறது. 25-க்கும் குறைவாக வாங்குகிறவர்களிடம்தான் அது அதிகம்.

இதில் நமக்கு என்ன பாடம்? தினமும் பெட்டியைத் திறக்கிற ஆம்பளைக்குப் பழகிப்போகும். எப்போதாவது உதவிக்கு நிற்கிற மனைவிக்கும் மகளுக்கும்தான் ஆபத்து கூடுதல். அந்த அக்கா கதை அதுதான். "அவருக்கு ஒண்ணும் ஆகலையே, உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்பது தப்பு.

அதுக்காகப் பழகட்டும்னு யாரும் வேணும்னே கொட்டு வாங்க வேண்டாம். யாருடைய உடம்பு எந்தப் பக்கம் சாயும்னு முன்கூட்டி சொல்ல முடியாது. நேற்று வரை ஒன்றும் ஆகாதவருக்கும் ஒரு நாள் ஆகலாம். ஒரு தடவை உடம்பெல்லாம் பரவினவருக்கு அடுத்த தடவையும் வர வாய்ப்பு உண்டு, இன்னும் கடுமையாகவும் வரலாம்.

ரத்த அழுத்தம், இருதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும், ஆஸ்துமா உள்ளவர்களும் தேனீப் பெட்டி வைத்திருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். சில மாத்திரைகள் ஒவ்வாமை வந்தால் சிகிச்சையைக் கடினமாக்கும். ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கொட்டினால் என்ன செய்வது?

கொடுக்கை உடனே எடுங்க. தேனீ போன பிறகும் விஷப்பை தோலில் ஒட்டிக்கொண்டு விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் சுரண்டலாமா, கிள்ளி எடுக்கலாமா என்று யோசிக்க வேண்டாம், எப்படி எடுத்தாலும் சரி, சில விநாடிக்குள் எடுக்கணும்.

அந்த இடத்தில் பழுத்த வாழைப்பழம் மாதிரி ஒரு வாசனை வரும். அது மற்ற தேனீக்களுக்குக் கொடுக்கும் எச்சரிக்கை. அதனால அங்கேயே நிற்காம தள்ளி வந்து, சோப்பு போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வையுங்க. சுண்ணாம்பு தடவுவது நம்ம வழக்கம். அது ஒவ்வாமையை நிறுத்தாது. சுண்ணாம்பைத் தேடி நேரத்தைப் போக்காதீங்க.

கொட்டின பிறகு அரை மணி நேரமாவது தனியா இருக்காதீங்க. வேறு இடத்தில் அறிகுறி தெரிந்தால் 108-ஐக் கூப்பிடுங்க. வண்டி தாமதமானால் கிடைக்கிற வண்டியில் ஏற்றுங்க. படுக்கவைத்துக் காலை உயர்த்தி வையுங்க. மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும், நடக்க விடாதீங்க. இதற்கு உயிர் காக்கும் மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள். அரிப்பு மாத்திரை அரிப்பைக் குறைக்கும், மூச்சடைப்பை நிறுத்தாது. சரியான மாதிரி இருந்து சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம். அதனால டாக்டர் இருக்கச் சொன்னால் இருக்கணும். "பிள்ளைங்க தனியா இருக்கு"ன்னு எழுந்து வந்துடாதீங்க. பிள்ளைகளைக் குழுவில் ஒருத்தர் பார்த்துக்கலாம்.

குழு செய்ய வேண்டியது

ஒவ்வொரு குழுவும் இந்த மாதக் கூட்டத்திலேயே நாலு தீர்மானம் எழுதுங்கள்.

1. யாருக்கு எப்படிக் கொட்டு ஏறுகிறது என்று உறுப்பினர் வாரியாகக் கேட்டுக் குறித்து வைப்பது.
2. தனியாக யாரும் பெட்டி திறக்கக் கூடாது. வலை, கையுறை, புகைப்பான் இல்லாமலும் திறக்கக் கூடாது.
3. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்ரினலின் இருக்கிறதா, ராத்திரியில் யார் இருப்பார்கள் என்று ஊக்குநரும் பிரதிநிதியும் சீசனுக்கு முன்பே போய்க் கேட்டு வருவது.
4. உடம்பெல்லாம் பரவின உறுப்பினரைப் பெட்டி வேலைக்கு வற்புறுத்தக் கூடாது. கடனை வேறு தொழிலுக்கு மாற்றவோ, தவணையைத் தள்ளி வைக்கவோ குழு முடிவு செய்வது.

நாலாவதுதான் எனக்கு முக்கியம். கடன் கொடுத்தது அவள் வாழணும்னுதானே? தவணைக்குப் பயந்து ஒருத்தி மூச்சுத் திணறலை மறைத்தால், குழு எதற்கு?

அந்த அக்கா இப்போ பெட்டிப் பக்கம் போறதில்லை. குழு கூடிப் பேசி பெட்டிகளை வீட்டிலிருந்து தள்ளி, இன்னொரு உறுப்பினர் பொறுப்பில் விட்டது. வடிகட்டி பாட்டிலில் அடைச்சு, லேபிள் ஒட்டி, விற்கிற வேலை அக்காவுக்கு. அதுவும் ஈ மொய்க்காத மூடின அறையில்தான். தவணை ரெண்டு மாசம் தள்ளிப்போச்சு, ஆனா முழுசா கட்டிட்டாங்க.

அடுத்த தடவை யாராவது "கொட்டிச்சு"ன்னு சொன்னால், "பழகிடும்"னு சொல்லாதீங்க. "வேற எங்கயாவது தடிச்சிருக்கா? மூச்சு சரியா இருக்கா?"ன்னு கேளுங்க. நான் அன்னைக்குக் கேட்காம விட்ட ரெண்டு கேள்வி அது.