வாசற்படியை எழுதுதல்
(கட்டற்ற மென்பொருள் நிறுவல் வழிகாட்டிகள் குறித்த கருத்தரங்கின் தலைமை உரை)

 

இக்கருத்தரங்கின் அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "இதைத் தரவிறக்கு, அதை அழுத்து என்று எழுதுவதில் ஆராய என்ன இருக்கிறது?" அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இன்று சற்று விரித்துச் சொல்லப்போகிறேன். உங்களில் பலர் என்னைவிட அதிகமாக நிரல் எழுதியவர்கள். எனக்கு இங்கே பேசத் தகுதி ஏதாவது உண்டென்றால், ஒரு மோசமான வழிகாட்டியை எழுதிவிட்டு அதன் விளைவைக் கண்ணால் பார்த்தவன் என்பதுதான்.

1983 செப்டம்பர் 27 அன்று ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். இயக்கலாம், படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற நான்கு உரிமைகளை அதிலிருந்து வளர்ந்த கட்டற்ற மென்பொருள் இயக்கம் எல்லோருக்கும் பொதுவாக்கியது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய பதிப்பு மேலாண்மை மென்பொருளான கிட் இன்று உலகெங்கும் நிரலர்களின் அன்றாடக் கருவி. இவற்றுக்கெல்லாம் காசு கேட்பாரில்லை, அனுமதிச் சீட்டும் வேண்டாம். ஆனால், தன் கணினியில் அதை நிறுவத் தெரியாமல் முதல் நாள் மாலையே மூடிவைத்துவிட்ட பிள்ளைக்கு அந்த நான்கு உரிமைகளும் ஏட்டுச் சுரைக்காய்தான். உரிமத்தை வழக்கறிஞர்கள் வரிவரியாகப் பார்த்து எழுதுகிறார்கள். நிறுவும் முறையையோ, வெளியீட்டுக்கு முந்தைய இரவில், தூக்கக் கலக்கத்தில், ஏற்கெனவே எல்லாம் நிறுவியிருக்கும் கணினியில் உட்கார்ந்துகொண்டு யாரோ ஒருவர் எழுதிவைக்கிறார்.

அந்த யாரோ ஒருவராக நானும் இருந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் விண்டோஸில் பைதானும் கிட்டும் நிறுவ ஒரே பக்கத்தில் எட்டுப் படிகள் எழுதினேன். சக ஆசிரியர்கள் படித்துவிட்டுக் கச்சிதம் என்றார்கள். பிறகு முதலாண்டு மாணவி ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டு, பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நான் வாய் திறப்பதில்லை என்பது ஒப்பந்தம்.

பைதான் நிறுவியின் முதல் திரையில், அடியில், ஒரு சிறு கட்டம் இருந்தது. கணினி நிரல்களைத் தேடும் பாதையில் பைதானையும் சேர்க்கவா என்று கேட்கும் கட்டம் அது. தானாக அதில் குறி விழுந்திருக்காது. நாம்தான் இட வேண்டும். எனக்கு அது கைப்பழக்கம், அதனால் எழுதவில்லை. அவர் அதைக் கடந்து போனார். பிறகு கட்டளைச் சாளரத்தில் பைதான் என்று தட்டியதும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொண்டது. "சார், இதுக்குப் பணம் கட்டணுமா?" என்று திரும்பிப் பார்த்தார்.

அடுத்து, ஒவ்வொரு கட்டளைக்கு முன்னும் நான் இட்டிருந்த டாலர் குறி. அது, முனையம் (கட்டளைச் சாளரம்) தயாராக இருக்கிறது என்று தானே காட்டும் அடையாளம். தட்டச்சு செய்வதற்கு உரியதல்ல. தாளில் இருந்ததை இருந்தபடியே அவர் தட்டினார். அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது கணினி. கடைசியாக, கிட்டில் மாற்றத்தைப் பதிவு செய்யச் சொல்லியிருந்தேன். விம் என்ற எழுதுகருவி திரையை நிறைத்துத் திறந்தது. தட்டினால் சில எழுத்துகள் விழுந்தன, சில விழவில்லை. எஸ்கேப் விசையை அழுத்தி, முக்காற்புள்ளியும் அதன்பின் இரண்டு எழுத்துகளும் தட்டி, என்டர் விசையை அழுத்தினால்தான் சேமித்துவிட்டு வெளியே வர முடியும் என்பது யாருக்கும் தானாகத் தோன்றாது. அவர் சாளரத்தையே மூடிவிட்டார். அதோடு அன்றைய பாடமும் முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நன்னூலைத்தான் எடுத்தேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அதை இயற்றிய பவணந்தி முனிவர் ஒரு நூலுக்குப் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்தார். சுருங்கச் சொல்லல் அங்கே ஓர் அழகு. குன்றக் கூறல் ஒரு குற்றம். இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு எங்கே இருக்கிறது? தாளில் அதைத் தேடினால் அகப்படாது, படிப்பவரிடம் இருக்கிறது. என் எட்டுப் படிகள் சக ஆசிரியர்களுக்குச் சுருங்கச் சொல்லல், அந்த மாணவிக்குக் குன்றக் கூறல். ஓர் எழுத்துகூட மாறாமல் ஒரே தாள் அழகாகவும் குற்றமாகவும் இருந்தது. ஆகவே, யாருக்கு எழுதுகிறோம் என்று முடிவு செய்யாமல் ஒரு வழிகாட்டியின் தரத்தைப் பேசவே முடியாது. இந்தக் கருத்தரங்கில் நான் முன்வைக்க விரும்பும் கருத்து இது ஒன்றே.

பவணந்தியாரின் பட்டியல்படி, டாலர் குறி மயங்க வைத்தல் என்னும் குற்றம். நிறுவுவதற்கு முன்பே பதிப்பு மேலாண்மையின் வரலாற்றை நான்கு பத்தி எழுதுவது மற்றொன்று விரித்தல். எண்ணூறு ஆண்டுப் பழமையான இந்தக் குற்றப் பட்டியலை நம் வழிகாட்டிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தமிழ்த் துறை மாணவர் ஒருவருக்கு நல்ல ஆய்வுப் பொருள்.

மேலைநாட்டிலும் வழிகாட்டி எழுதும் கலைக்கு அடித்தளம் உண்டு. ஐபிஎம் ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஜான் கேரல், புதிதாகக் கணினி கற்பவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து, 1990இல் 'தி நியூர்ன்பெர்க் ஃபன்னல்' என்ற நூலை வெளியிட்டார். தலையில் புனலை வைத்து அறிவை ஊற்றிவிடலாம் என்ற பழைய ஜெர்மானியக் கற்பனையைக் கேலி செய்யும் தலைப்பு அது. கற்பவர்கள் கையேட்டை முதலிலிருந்து வரிசையாகப் படிப்பதில்லை, நேரே வேலையில் இறங்குகிறார்கள், தவறுவார்கள். ஆகவே கையேட்டைக் குறுக்குங்கள், தவறிலிருந்து மீளும் வழியை மட்டும் குறுக்காதீர்கள் என்பது அவர் கண்டதன் சாரம்.

நம் ஊர்களில் வழி சொல்பவர்கள் இதைப் படிக்காமலே அறிந்தவர்கள். "நேரா போங்க, பிள்ளையார் கோயில் வரும், அங்கே இடதுபக்கம் திரும்புங்க. ரயில்வே கேட் வந்துட்டா தாண்டிட்டீங்கன்னு அர்த்தம், திரும்பி வந்துடுங்க." செய்ய வேண்டியது, சரியாகச் செய்தால் கண்ணில் படுவது, தவறினால் கண்ணில் படுவது, மீளும் வழி என நான்கும் அதில் இருக்கின்றன. நம் வழிகாட்டிகளில் பெரும்பாலும் முதலாவது மட்டுமே இருக்கிறது. முனையத்திலோ இந்தக் குறை இரட்டிப்பாகும். யூனிக்ஸ் மரபில் வந்த பல கட்டளைகள் வேலை சரியாக முடிந்தால் ஒன்றும் சொல்லாது. கடவுச்சொல்லைத் தட்டும்போது பெரும்பாலும் புள்ளிகூட விழாது. பழகியவருக்கு அந்த மௌனம் வெற்றி. புதியவருக்கு அது பழுது. "இப்போது திரையில் ஒன்றும் தோன்றாது, அதுதான் சரி" என்ற ஒரு வரி அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பெர்லினில் 2014இல் தொடங்கிய ஜாங்கோ கேர்ள்ஸ் என்ற நிரலாக்கப் பயிற்சிக்கான பாடத்தைப் பாருங்கள். நிரலே அறியாத பெண்களுக்காக எழுதப்பட்டது. கட்டளை வரி என்றால் என்ன என்பதற்கே ஒரு தனி அத்தியாயம் உண்டு. விண்டோஸுக்கு ஒரு வழி, லினக்ஸுக்கு ஒரு வழி எனப் பிரித்துக் காட்டுகிறது. நீளம்தான், ஆனால் அந்த வாசகருக்கு அதில் மிகை இல்லை.

இன்னொன்று, வழிகாட்டிக்கும் வயதாகிறது. பைதான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப் தளம், கிட் வழியான பணிகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. 2023இல் வந்த டெபியன் 12 இயங்குதளத்தில், பிப் என்ற நிறுவுகருவி கொண்டு பைதான் தொகுப்பை நேரடியாக நிறுவப் போனால் கணினி மறுத்துவிடும். தனிச்சூழல் ஒன்றை உருவாக்கச் சொல்லும். நேற்றுவரை சரியாக இருந்த பக்கங்கள் ஓர் எழுத்தும் மாறாமல் பொய்யாகிவிட்டன. எந்த நாளில், எந்த இயங்குதளத்தின் எந்தப் பதிப்பில் சோதித்தது என்பது வழிகாட்டியின் முதல் வரியாக இருக்கட்டும். மருந்துப் பட்டையில் தேதி பார்க்கிறோமே, அப்படி.

தமிழில் எழுதுவோருக்கு மேலும் சில கவலைகள். 2012 முதல் கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. அந்த உழைப்பின் மேல்தான் நாம் நிற்கிறோம். திரையில் ஆங்கிலப் பொத்தான் இருக்க, 'அடுத்து என்பதை அழுத்துக' என்று மட்டும் எழுதினால் மாணவர் இல்லாத தமிழ்ப் பொத்தானைத் தேடுவார். திரையில் உள்ளதை உள்ளபடி காட்டிப் பொருளைப் பக்கத்தில் சொல்வோம். சொற்செயலியில் கட்டளையை எழுதினால், அது நேரான மேற்கோள் குறியை வளைத்துவிடும், இரட்டைக் கோட்டை ஒற்றையாக்கிவிடும். படிக்க அழகாக இருக்கும். ஒட்டி இயக்கினால் ஓடாது.

இந்த இரண்டு நாள்களில் கலைச்சொல், மொழிபெயர்ப்பு, மதிப்பீடு குறித்து ஆழமான கட்டுரைகள் வரவிருக்கின்றன. அவற்றோடு ஒரு சிறு மாற்றத்தை அமைப்பாளர்களிடம் கேட்டுப் பெற்றிருக்கிறேன். நாளைப் பிற்பகல் அமர்வில் கட்டுரை வாசிப்பு கிடையாது. எதுவும் நிறுவப்படாத கணினிகள் ஆய்வுக்கூடத்தில் வரிசையாக இருக்கும். அவற்றின் முன் முதலாண்டு மாணவர்கள், கையில் உங்கள் வழிகாட்டி. பின்னால் நாற்காலியில் நீங்கள், கையில் ஒரு குறிப்பேடு. அவர் எங்கே நிற்கிறாரோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே பிழை உங்களுடையது. உதவ வாய் திறப்பவர் தேநீர்ச் செலவை ஏற்க வேண்டும்.

அன்று நான் கடைசிவரை வாய் திறக்கவில்லை. மிகக் கடினமாகத்தான் இருந்தது. அந்தக் கடினம் உங்களுக்கும் வாய்க்கட்டும் என்று வாழ்த்தி, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.