முத்தத்துக்கு விழுந்த கத்தரி



மேச்சேரி ஆட்டுச் சந்தையில் வயசு சொல்லச் சான்றிதழ் வேண்டியதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்த்தால் போதும். சினிமா பார்க்க வருகிறவர்களின் வயசுக்குத்தான் சான்றிதழ். 2023இல் திருத்திய சட்டப்படி, பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கத்தக்க படங்களுக்கு 7, 13, 16 என்று மூன்று படிகள் உண்டு.

வயசைக் குறித்த பிறகு கத்தரிக்கு வேலை என்ன? 2025 ஜூலையில் வந்த ‘சூப்பர்மேன்’ 13 வயசுப் படியில் தேறியும், முத்தக் காட்சியில் 33 விநாடி காணாமல் போனது. கட்டடங்கள் சரிந்து நகரமே பிளக்கும் காட்சிகள் பத்திரமாக இருந்தன.

இது வெள்ளைக்காரர் காலத்துக் கத்தரி. 1918ஆம் ஆண்டுச் சட்டம் படங்களுக்குச் சான்றிதழைக் கட்டாயமாக்க, 1920இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் நகரங்களில் தணிக்கை வாரியங்கள் வந்தன. கொட்டகைகளில் அப்போது ஓடியவை பெரும்பாலும் அமெரிக்க ஊமைப்படங்கள். கட்டிப்பிடிப்பதும் குடித்து ஆடுவதுமாக வெள்ளைக்காரப் பெண்களைத் திரையில் பார்த்தால், ஆளுகிறவர்கள் மேல் குடிமக்களுக்கு இருக்கும் மதிப்பு என்ன ஆகும்? ஒழுக்கம் என்று வெளியே பேசினாலும் ஆங்கிலேயர் மனசை அரித்தது இந்தக் கவலைதான். கூடவே, பிரிட்டிஷ் படங்களுக்குச் சந்தை பிடிக்கும் ஆசையும் இருந்தது.

விசாரிக்க 1927இல் ஒரு குழு அமைத்தார்கள். தலைவர், சென்னை வழக்கறிஞர் தி. ரங்காச்சாரியார். ஊர் ஊராகச் சென்று 353 பேரிடம் சாட்சியம் வாங்கிய குழு, மேனாட்டுப் படங்களால் ஒழுக்கம் கெடுகிறது என்ற கூச்சல் மிகையானது என்று 1928இல் அறிக்கை தந்தது. பிரிட்டிஷ் படங்களுக்குத் தனிச்சலுகை தேவையில்லை என்றும் சொல்லிவிட்டது. அரசு எதிர்பார்த்த பதில் அதுவல்ல. அறிக்கை அலமாரிக்குப் போனது. கத்தரி மேசையிலேயே இருந்தது.

சேலத்துக்கும் இதில் ஒரு கதை உண்டு. அங்கிருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1950இல் எடுத்த ‘பொன்முடி’, பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்தைத் தழுவியது. இயக்கியவர், தமிழே தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன். காதலர்களை அவர் நெருக்கமாகக் காட்டியதும் ஆபாசம் என்று கண்டனம் கிளம்பியது. கவிதையில் படித்த முத்தத்தின் சாயல்கூடத் திரையில் செரிக்கவில்லை.

சுதந்திர இந்தியாவின் திரைப்படச் சட்டம் 1952இல் வந்தது. கதைக்குத் தேவையென்றால் முத்தத்தை விலக்க வேண்டாம் என்று, தணிக்கையை ஆராய்ந்த கோஸ்லா குழு 1969இல் சொன்னது. ஆனாலும் 2015இல் ‘ஸ்பெக்டர்’ படத்தில் ஜேம்ஸ் பாண்டின் முத்தங்கள் பாதியாகக் குறைந்தன. இணையத்தில் அவருக்குப் பூணூல் மாட்டாத குறையாக ‘சன்ஸ்காரி பாண்ட்’, அதாவது ஒழுக்கசீலர் பாண்ட், என்று கேலி செய்தார்கள்.

எல்லாரும் இறங்கிப் போகவில்லை. ‘தி கேர்ள் வித் த டிராகன் டாட்டூ’ படத்தில் வெட்டுக்கு இயக்குநர் டேவிட் ஃபிஞ்சர் இசையாததால், 2012இல் அது இந்தியத் திரையரங்குகளுக்கே வரவில்லை.

2023இல் வந்த ‘ஓப்பன்ஹைமர்’ வேறு வழியில் தப்பியது. ஆடையின்றி அமர்ந்திருந்த நடிகை ஃபுளோரன்ஸ் பியூவுக்கு, இந்தியப் பிரதியில் கணினியால் ஒரு கறுப்பு உடை போட்டுவிட்டார்கள். படப்பிடிப்பில் அந்த உடையை யாரும் தைக்கவும் இல்லை, அவர் அணியவும் இல்லை.