தெருவாகப் போவோம்



இன்று டிசம்பர் 17, ஓய்வூதியர் நாள். 1982-இல் இதே நாளில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு டி.எஸ். நகாரா வழக்கில் தீர்ப்பு வழங்கியது. ஓய்வூதியம் அரசு மனமிரங்கிப் போடும் பிச்சை இல்லை, உழைத்தவருக்கு உள்ள உரிமை என்று நாடு அன்றைக்குக் கேட்டது. முதுமையில் மானத்தோடு வாழ அந்தப் பணம் வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. சரி, மானத்தோடு எங்கே வாழ்வது? அதைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

ஏனென்றால் நம் ஓய்வூதியர் சங்கத்தில் மாதக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது காதில் விழுகிற பேச்சு இதுதான். "சார், கடலூர்ப் பக்கம் ஒரு மனை பார்த்திருக்கேன்." "மரக்காணத்துல சல்லிசா வருதாம்." "பிள்ளைங்க பெங்களூருல, நாங்க ரெண்டு பேருதானே, கடக்கரையா பாத்துப் போயிடலாம்னு இருக்கோம்." இந்த ஆசையை நான் பழிக்க மாட்டேன். சித்திரை வெயிலில் நம் திருக்கோவிலூர்ப் பாறைகள் ராத்திரி வரைக்கும் அனல் கக்கும்போது, கடலூரில் மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வந்துவிடும். மூட்டு வலிக்காரர் நடக்க மேடு பள்ளம் இல்லாத தரை. கண்ணுக்கு எதிரே விரிந்த நீர். நாற்பது வருஷம் கோப்புகளையும் சாக்கட்டியையும் பார்த்த கண் கடலைப் பார்க்க ஆசைப்பட்டால் அதில் என்ன குற்றம்?

நமக்கும் கடலுக்கும் உறவு இல்லாமலும் இல்லை. நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை எல்லாம் தாண்டி நம் ஊரைத் தொடுகிற தென்பெண்ணை, கடைசியில் கடலூர் அருகேதான் கடலில் கலக்கிறது. கபிலர் குன்றை நனைத்த தண்ணீர்தான் அங்கே உப்பாகிறது. வள்ளல் பாரி போன பிறகு புலவர் கபிலர் கடைசியாக வந்து சேர்ந்த இடம் இந்தப் பெண்ணைக் கரை. முதலாழ்வார் மூவரை எண்ணிப் பாருங்கள். பொய்கையார் காஞ்சியில் பிறந்தவர். பூதத்தார் கடல்மல்லைக்காரர், பேயார் மயிலைக்காரர், இருவரும் கடற்கரையில் பிறந்தவர்கள். அந்த இருவரும் கடலை விட்டு வந்து, மூவரும் ஒரு மழை ராத்திரியில் நம் கோவலூர் இடைகழியில் சந்தித்தார்கள் என்பது நம் வைணவ மரபு. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவுதான் அந்த இடம். அந்த நெருக்கத்தில்தான் நாலாவதாகப் பெருமாள் வந்து நெருக்கியதை உணர்ந்தார்கள். இந்தக் கதையை நான் பக்திக்காக மட்டும் சொல்லவில்லை. இதற்குத் திரும்ப வருவேன்.

கடற்கரைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியதில் முதலில் பணம். நமக்கு ஓய்வு கிடைக்கிற மாதத்தில் பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே வாங்குகிற கம்யூட்டேஷன் எல்லாம் சேர்ந்து வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பெரிய தொகை கைக்கு வரும். 2003 ஏப்ரல் 1 முதல் வேலையில் சேர்ந்து பங்களிப்புத் திட்டத்தில் போன தம்பிகளுக்கு மொத்தமாக வந்த தொகைதான் பெரிய பிடிமானமாக இருந்தது. அதே மாதம் மனைத் தரகரும் வருவார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேனில் கூட்டிப்போய், மதியச் சாப்பாடு போட்டு, கொடி நட்ட மனையைக் காட்டுவார். கடல் எவ்வளவு தூரம் என்றால், "அதோ, சத்தம் கேக்குது பாருங்க" என்பார்.

சத்தம் கேட்கிற தூரத்தில்தான் ஆபத்து. 1991-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை 2011-லும் 2019-லும் மாற்றி எழுதினார்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. நெருக்கமில்லாத கிராமக் கரைகளில் முதல் 200 மீட்டரில் வெளியூர்க்காரர் புது வீடு கட்ட முடியாது. பட்டா இருக்கும், பத்திரம் ஆகும், வில்லங்கச் சான்றில் ஒரு குறையும் தெரியாது. வீடு மட்டும் கட்ட முடியாது. அந்த மணலில் வலை காயப்போட்டு, படகு ஏற்றி வைத்துப் பிழைக்கிற மீனவர்கள் அதைத் தலைமுறையாகத் தங்கள் ஊரின் பொது இடமாக வைத்திருக்கிறார்கள். நாம் வேலி போட்டால் யாருடைய வாசலை அடைக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும் ஐயா. வயதான காலத்தில் ஒருவர் வயிற்றெரிச்சலைச் சம்பாதித்துக்கொண்டு காற்று வாங்க முடியாது.

கரையும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலை நம் கடற்கரையில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கல் தடுப்புகளைக் கடலுக்குள் நீட்டினார்கள். மணல் தெற்கே தேங்கியது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை, கரை கரைந்தது. நாம் சிறுவயதில் கால் புதைய நடந்த காந்தி சிலை எதிரில் கருங்கல்லைக் கொட்ட வேண்டியதாயிற்று. அரிப்பு அங்கே நிற்காமல் தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்து சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் மீனவர்களின் வீடுகளைத் தின்றது. பரம்பரையாகக் கடலை அறிந்தவர்களின் வீடே போகிறது என்றால், வேனில் போய் வாங்கிய நம் மனை எம்மாத்திரம்?

அடுத்து, தண்ணீர். கடலோர மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடிக்கு நல்ல நீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க்காரர்களின் கணக்கு. மோட்டார் போட்டு மேலே ஒரு அடியை இறைத்துவிட்டால், கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது. ஆகவே வீடு பார்க்கப் போனால் மாடியையும் பால்கனியையும் அப்புறம் பாருங்கள். முதலில் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். அதையும் ஐப்பசியில் பார்க்காதீர்கள், வைகாசியில் பாருங்கள். கடலூரில் என்றால் இன்னொன்றும் கேளுங்கள். சிப்காட் ரசாயன ஆலைகள் இருக்கிற குடிகாடு பக்கமா, தேவனாம்பட்டினம் பக்கமா, மஞ்சக்குப்பமா? காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது? சிப்காட் பக்கம் குடியிருக்கிற ஏழை ஜனங்கள் நாற்றத்தைப் பற்றிப் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். நாம் ஒதுங்கிப் போகலாம், அவர்களுக்கு அந்த வசதி இல்லை.

மழையைப் பற்றி இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. மயிலத்தில் 51 சென்டிமீட்டர், புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்கள். அந்த வெள்ளம் நம்மையும் அடித்தது, கடலூரையும் அடித்தது. கடலோரம் போனால் பெண்ணையின் வெள்ளத்திலிருந்து தப்பலாம் என்று எண்ண வேண்டாம். அது நம்மைத் தாண்டி அங்கேதான் போகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியைத் தேவனாம்பட்டினம் இன்னும் மறக்கவில்லை. 2011 தானே புயலில் கடலூர் மாவட்டத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை நாம் கண்ணால் கண்டோம். உலகம் முழுவதும் இதே கதைதான். அமெரிக்காவில் பணி ஓய்வு பெற்றவர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க் குடியேறுகிற மாநிலம் ஃபுளோரிடா. 2022 செப்டம்பர் 28-இல் அங்கே இயன் புயல் அடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் 60 வயதைக் கடந்தவர்கள். பணக்கார நாடு, முன்னெச்சரிக்கை எல்லாம் உண்டு. இருந்தும், தனியாக இருந்த கிழவனையும் கிழவியையும் நேரத்துக்கு வெளியே கூட்டிவர ஆள் இல்லாமல் போன வீடுகள் இருந்தன.

ஆள். இந்தச் சொல்லில்தான் நான் நிற்கிறேன்.

மனை மலிவு, வாடகை மலிவு, மீன் மலிவு என்று நாம் கணக்குப் போடுகிறோம், அந்தக் கணக்கில் ஆளைச் சேர்ப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் மீனும் மலிவு இல்லை, அது வேறு. பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நாலரை மணி நேரத்தின் முதல் அரை மணியில், வாய் கோணியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும், தூக்கி ஆட்டோவில் ஏற்ற இருவர் வேண்டும். புதுச்சேரிக்குப் போனால் ஜிப்மர் இருக்கிறது. காரைக்காலிலும் ஜிப்மரின் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதால் பரங்கிப்பேட்டைக்காரருக்குத் தைரியம். தரங்கம்பாடி அழகான ஊர், டேனிஷ் கோட்டை, அமைதியான கரை, வாடகையும் தாங்கும். ஆனால் பெரிய மருத்துவமனைக்கு வண்டி ஏற வேண்டும். புதுச்சேரி வேறு அரசு, ரேஷன் அட்டை வேறு. நம் ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டில் அங்கே எந்த மருத்துவமனை இருக்கிறது என்று குடிபோகும் முன் பட்டியலைப் பார்த்துவிட வேண்டும். மூத்த குடிமக்களுக்கான ரயில் சலுகையையும் 2020 மார்ச்சோடு நிறுத்திவிட்டார்கள். பிள்ளையைப் பார்க்கப் போகிற செலவும் கூடும். இவையெல்லாம் விசாரித்தால் தெரிந்துவிடுகிற விஷயம்.

விசாரித்தாலும் தெரியாத ஒன்றை ஒரு தங்கச்சி என்னிடம் சொன்னாள். நம்மோடு வேலை பார்த்தவரின் மனைவி. கடலோரம் வீடு மாற்றிப் போய் ஒரு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். ஏம்மா, கடல் பிடிக்கலையா என்றேன். "கடலு நல்லாத்தான் இருந்துச்சுண்ணா. அவரு காலையில வாக்கிங் போனா நாலு பேரைப் புடிச்சிக்குவாரு. நான் யாரோட பேசுறது? இங்க குழம்பு கொதிக்கறதுக்குள்ள மூணு வூட்டுல இருந்து குரல் வரும். அங்க பகல் முழுக்க அலைச் சத்தம்தான் கேட்டுச்சு." இதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியது. பெரியோர்களே, மனை பார்க்கிற வேனில் ஏறுகிறவர்கள் நாம். முப்பது வருஷம் அக்கம்பக்கத்தோடு கட்டிய உறவை இழக்கிறவள் அவள். அவளைக் கேட்காமல் எடுக்கிற முடிவு எவ்வளவு சல்லிசாக இருந்தாலும் எனக்கு அதில் சம்மதம் இல்லை.

அதனால்தான் இடைகழிக்குத் திரும்புகிறேன். அந்த மூவருக்கும் இடம் கொஞ்சம்தான். துணை நிறைய இருந்தது. நாம் செய்வது நேர்மாறாக இருக்கிறது. இருவருக்கு மூன்று படுக்கையறை, கடல் தெரிகிற மாடி, கூப்பிட்டால் வர ஒருவர் இல்லை.

நான் வைக்கிற யோசனை இது. கடற்கரைக்குத் தனித்தனிக் குடும்பமாகப் போக வேண்டாம், தெருவாகப் போவோம். நம் சங்கத்தில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே தெருவில் வாடகைக்கு வீடு எடுப்போம். வாங்க வேண்டாம். போக்கியத்துக்கும் வேண்டாம். லட்சக்கணக்கில் முடங்கிப்போகிற பணம் அவசரத்துக்கு உதவாது. கடலூரையே நான் முதலில் சொல்வேன். மாவட்டத் தலைநகரம், தலைமை மருத்துவமனை இருக்கிறது, திருப்பாதிரிப்புலியூரில் ரயில் நிற்கும், நம்மூருக்குப் பேருந்தில் இரண்டு மூன்று மணி நேரத்தில் திரும்பிவிடலாம். கடலை ஒட்டி வேண்டாம், மஞ்சக்குப்பத்தில் மேடான தெருவாகப் பார்ப்போம். கடற்கரைக்குச் சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் போய் வந்தால் போதும். உப்புக்காற்று கூரைக் கம்பியை அரிப்பது வீட்டுக்காரர் கவலையாக இருக்கட்டும். ஆவணியில் போய்த் தையில் திரும்புவோம். ஐப்பசி கார்த்திகை இரண்டையும் அங்கே இருந்து பார்த்தவருக்குத்தான் அந்த ஊர் தெரியும். பிடித்தால் அடுத்த வருஷம் நீட்டிக்கலாம்.  

இங்குள்ள வீட்டை விற்காதீர்கள். பிள்ளைகள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பவும் வேண்டாம். எழுதியே ஆக வேண்டுமென்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. மனுக் கொடுக்க வெகுதூரம் போக வேண்டாம். நம் திருக்கோவிலூர்க் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனால் போதும்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கடலூருக்கு ஒரு வண்டி பேசலாம் என்று நம் சங்கச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். தரகர் வேன் இல்லை, நம் காசில் நம் வண்டி. தெரு பார்ப்போம், தண்ணீர் குடித்துப் பார்ப்போம், மருத்துவமனை வாசல்வரை நடந்து பார்ப்போம், போன வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அங்கே இருக்கிறவர்களைக் கேட்போம். வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பேர் கொடுங்கள். ஆண்கள் பேர் மட்டும் கொடுத்தால் ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். வீட்டம்மாவும் சேர்ந்து வந்தால்தான் இடம்.