பணமும் படிப்பும்



பள்ளிக்கூடத்திற்குப் பணத்தைக் கொட்டினால் மாத்திரம் படிப்பு வந்துவிடுமா, தலையில் எழுதியிருந்தால் அல்லவா வரும் என்று சிலர் நம்மைக் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதிலாக நாம் அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்லுகிறோம்.

அங்கே பள்ளிக்கூடச் செலவில் ஒரு பெரும்பகுதி, அந்தந்த வட்டாரத்து வீடு, நிலங்களின் மேல் போடும் வரியிலிருந்து வருகிறது. டெக்சாஸ் மாகாணத்தில் சான் அன்டோனியோ பட்டணப் பகுதியில், எட்ஜ்வுட் ஏழைகள் வட்டாரம். அலமோ ஹைட்ஸ் பணக்காரர் வட்டாரம். 1967-68-ல் 100 டாலர் சொத்துக்கு ஏழைகள் கொடுத்த வரி 1 டாலர் 5 சென்ட். பணக்காரர்கள் கொடுத்ததோ 85 சென்ட்தான். ஆனால் சர்க்கார் உதவியெல்லாம் சேர்த்தும், ஏழைப் பிள்ளை ஒன்றுக்குக் கிடைத்தது 356 டாலர். பணக்காரப் பிள்ளைக்கு 594 டாலர். அதிக வீதத்தில் வரி கொடுத்தவன் பிள்ளைக்குக் குறைந்த படிப்பு! இது எந்தத் தலையெழுத்து? மனிதன் எழுதிய சட்டமல்லவா?

ஏழைப் பெற்றோர்கள் வழக்காடினார்கள். 1973-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் 5 நீதிபதிகள் அவர்களுக்கு விரோதமாகவும், 4 பேர் சாதகமாகவும் தீர்ப்புச் சொன்னார்கள். அதோடு அவர்கள் விட்டுவிடவில்லை. 1989-ல் டெக்சாஸ் மாகாண சுப்ரீம் கோர்ட்டே இந்த ஏற்பாடு செல்லாது என்று ஒரு முகமாகச் சொல்லிவிட்டது.

சரி, பணம் கூடினால் பலன் உண்டா? இப்படிப்பட்ட வழக்குகளால் பணம் கூடிய ஊர்ப் பிள்ளைகள் பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்று பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2016-ல் வெளிவந்தது. 12 வருஷப் படிப்பு முழுவதிலும் நூற்றுக்குப் பத்து அதிகம் செலவிட்டால், பிள்ளைகள் பெரியவர்களானபின் கூலி நூற்றுக்கு ஏழு வீதம் கூடுகிறது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் அதிகம் என்று அது காட்டிற்று. அந்தப் பணம் உபாத்தியாயர் சம்பளத்துக்கும், ஒரு உபாத்தியாயருக்கு இத்தனை பிள்ளைகள் என்ற தொகையைக் குறைப்பதற்கும் போயிற்று.

ஆனால், பணம் தானாகப் பாடம் சொல்லாது என்பதையும் நாம் மறைக்கவில்லை. கான்சாஸ் சிட்டியில் 1985-க்குப் பிறகு கோர்ட்டு உத்தரவின்மேல் 100 கோடி டாலருக்கும் அதிகமாகச் செலவிட்டு, நீச்சல் குளம் முதற்கொண்டு கட்டினார்கள். எதிர்பார்த்தபடி படிப்பு உயரவில்லை. ஆகவே பணமும் வேண்டும், அது போகவேண்டிய இடத்திற்குப் போகவும் வேண்டும்.

கடைசியாக ஒன்று. பணத்தால் படிப்பு வராது என்று சொல்லும் கனவான்களை, உங்கள் பிள்ளையை ஏழைகள் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சம்மதமா என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் வாயிலிருந்தே உங்களுக்கு உண்மை விளங்கிவிடும்.