ஆறாத புண்ணும் தவளைத் தோலும்



ஷெல்லிலும் மிதிவெடியிலும் ஒரு காலை இழந்தவர்கள் எங்கள் மண்ணில் பலர். அவர்களில் ஒருவரான ஒரு தாய், மிஞ்சிய காலில் புண்ணோடு என்னிடம் வந்தார். பல வருடச் சலரோகம். பாதத்தில் உணர்ச்சி இல்லை. வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பிய பெப்தைட்டுக் கிறீமை மூன்று மாதம் பூசியிருக்கிறார். நோகவில்லை என்பதால் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பெப்தைட்டு என்பது பொய்ச் சரக்கல்ல. அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. இன்சுலினும் 51 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்தைட்டுத்தான். அமெரிக்க மருத்துவர் மைக்கேல் சாஸ்லொவ், சத்திரசிகிச்சை செய்த ஆபிரிக்கத் தவளைகளைக் கிருமி நிறைந்த தண்ணீரில் விட்டும் காயம் சீழ்பிடிக்காமல் ஆறுவதைக் கவனித்தார். 1987இல் அத்தவளைத் தோலிலிருந்து ‘மகைனின்’ என்ற பெப்தைட்டைப் பிரித்தெடுத்தார். அது பற்றீரியாவின் மென்சவ்வைத் துளைத்துக் கொல்கிறது. எமது உடலிலும் எல்.எல்-37 என்ற காவலாள் உண்டு.

மகைனினை ஒட்டிச் செய்த பெக்சிகனன் கிறீம் சலரோகக் காற்புண்ணுக்கென்றே சோதிக்கப்பட்டது. 1999இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி மறுத்தது. 2016இல் முடிந்த பெரிய பரிசோதனைகளிலும், மருந்து கலக்காத வெறும் கிறீமை விட அது மேலாக இருக்கவில்லை.

ஏன்? இந்தப் புண்ணுக்குக் கிருமி மட்டும் காரணமல்ல. நரம்பு மரத்திருக்கிறது, இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது, ஒவ்வோர் அடியும் புண்ணை நசுக்குகிறது. நாட்பட்ட புண்ணில் சுரக்கும் நொதியங்கள் பெப்தைட்டையே வெட்டிவிடுகின்றன. ஆய்வுகள் தொடர்கின்றன, தொடரவும் வேண்டும். அதுவரை காலைக் காப்பவை பழைய காரியங்களே: பாரத்தைப் புண்ணிலிருந்து எடுத்தல், இறந்த தசையை அகற்றல், சுத்தமாக மருந்து கட்டல், சீனியைக் கட்டுப்படுத்தல், வெறுங்காலோடு வயலுக்கும் முற்றத்துக்கும் இறங்காதிருத்தல்.

அந்தத் தாய் இரண்டு விரல்களை இழந்தார். கால் தப்பியது. ஒரு மாதம் முன்னர் வந்திருந்தால் விரல்களும் தப்பியிருக்கக்கூடும்.

கடல் கடந்து வாழும் சகோதரிகளே, அன்பினால்தான் கிறீம் அனுப்புகிறீர்கள். அடுத்த முறை வீடியோவில் பேசும்போது, “சாப்பிட்டீங்களா அம்மா?” என்று கேட்டபின் இன்னொன்றும் கேளுங்கள்: “உள்ளங்காலை ஒருக்காக் காட்டுங்கோ.” புண் தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.